மூன்றாவது கோடு

ஜனவரி 11

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. நானும் உன் அம்மாவும் நலம். அங்கே குளிருக்குப் போர்வை கொடுத்தார்களா, உன் இருமல் நின்றதா என்று அம்மா கேட்கிறாள்.

உன் கடிதத்தை, இப்போது இதை எழுதும் போட்டோ பிரிண்ட் கடை அம்மாதான் படித்துக் காட்டினார். இரண்டு தடவை கேட்டேன். எனக்கு எழுத்து ஏறாது, ஆனால் காதில் விழுந்தது இறங்காது. வீட்டுக்குப் போய் ஒரு சொல் விடாமல் உன் அம்மாவிடம் ஒப்பித்தேன். "ஜெயிலில் சுவரைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. என் கேமராவால் தினம் ஒரு படம் எடுங்கள், மாதாமாதம் அனுப்புங்கள், உங்கள் கண்ணால் நான் வெளியே பார்த்துக்கொள்கிறேன்" என்ற இடம் வந்ததும் அவள் எழுந்துபோய் உன் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஒன்றரை வருஷமாக அதை யாரும் தொடவில்லை. திறந்ததும் அந்தக் காலை அப்படியே கண்முன் வந்து நின்றது. கல்யாண வீட்டில் விடிய விடியப் படம் எடுத்துவிட்டு வேனை ஓட்டிக்கொண்டு வந்தாய், ஐந்தே முக்காலுக்குக் கண் அசந்தாய், வேன் மோதிச் சைக்கிளில் போன மனிதர் போய்ச் சேர்ந்தார். அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

பத்துப் படம் அனுப்பியிருக்கிறேன். ஏழில் என் கட்டைவிரல்தான் கதாநாயகன். "ஐயா, விரலுக்குத் தனி ஆல்பம் போட்டுடலாமா?" என்று பிரிண்ட் கடை அம்மா கேட்டார். உன் அம்மா அதற்கும் மேல். "நாப்பது வருஷமா என்னை நிமிர்ந்து பாக்காத மனுஷன், இப்ப ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு ஊரையே பாக்குறாரு" என்கிறாள்.

அவளை எடுக்கலாம் என்று போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊரார் வீட்டு அம்மாக்களை எல்லாம் எடுத்தவன் என்னை எடுத்ததில்லை, அவனே வந்து எடுக்கட்டும் என்கிறாள். நீ வர இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா

(நான் "வந்துட்டேன்"னு சொன்னால் இந்தம்மா "வந்துவிட்டேன்" என்று எழுதுகிறாராம். கடிதத்தில் மட்டுமாவது மரியாதையாக இருக்கட்டும் என்கிறார்.)


ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும், நான் நலம். போர்வை கொடுத்தார்கள், இருமல் நின்றுவிட்டது. அம்மாவுக்குக் களைப்பு என்று முன்பு எழுதியிருந்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது?

விரல் படங்களை என் அறையில் இருப்பவர்களுக்குக் காட்டினேன். எங்களோடு ஒரு சமையல்காரர் இருக்கிறார். விரலைப் பார்த்ததுமே, "உங்கப்பா பெயிண்டரா?" என்று கேட்டார். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை ஒட்டியிருக்கிறது, அப்பா.

நான் சொல்கிறபடி செய்யுங்கள். தினம் ஒன்றே ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஒன்றுதான் என்றால் கண் தேட ஆரம்பிக்கும். வாரம் ஒரு நாள் மட்டும் காலை பத்து மணிக்கு நம் முன்னறை ஜன்னல் பக்கத்துச் சுவரை, அதே இடத்தில் நின்று எடுங்கள். ஒன்றும் இல்லையே என்று நினைக்காதீர்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் வெளிச்சம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆளைப் பார்க்காதீர்கள், ஆள்மேல் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். எடுப்பதற்கு முன் நாலு மூலையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆடிப்போன படம் என்றால் தூக்கிப் போடுங்கள், வருத்தப்படாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள். நான் வந்து எடுக்கிறேன்தான். ஆனால் அதுவரைக்கும் நான் எதைப் பார்ப்பது?

உங்கள் மகன்


பிப்ரவரி 22

அன்பு மகனுக்கு, நானும் உன் அம்மாவும் நலம். உனக்கு உடம்பு எப்படி?

சுவரைப் பார் என்று பெயிண்டரிடமா சொல்கிறாய்? மீனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பூச்சு சரியா கோணலா என்று பார்க்க நாங்கள் விளக்கைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடிப்போம். நேரே பார்த்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் குட்டு வெளிப்படும். இதை நான் ஒருநாளும் மனிதர்கள் விஷயத்தில் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது டீக்கடையில் நிற்கும்போதுகூட யாருக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். டீ ஆறிப்போகிறது.

பத்து மணி வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்கவில்லை, தம்பி. ஒவ்வொரு வாரமும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போகிறது. எனக்குத் தேதி எழுதத் தெரியாது. அதனால் வேலைக்கு வைத்திருந்த தட்டைப் பென்சிலால், மாதம் ஒரு தடவை, வெளிச்சம் முடிகிற இடத்தில் சுவரில் ஒரு கோடு இழுத்து வைக்கிறேன். ஜனவரிக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று. வெள்ளையடித்த சுவரில் கிறுக்குகிறீர்களே என்று அம்மா திட்டுகிறாள். பெயிண்டர் வீட்டில் ஒரு சுவரை வெள்ளையடிக்க வைக்க அவளுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. கோபம் வராதா?

இந்த மாதம் அனுப்பியதில் பஸ் ஸ்டாப் பெஞ்சைப் பார். மழை விட்டதும் போனேன். பெஞ்சு முழுக்க ஈரம், ஓர் ஆள் அளவு மட்டும் காய்ந்திருந்தது. மழை நேரம் முழுக்க யாரோ அங்கேயே உட்கார்ந்திருந்து, அப்போதுதான் எழுந்து போயிருக்கிறார். சுற்றி நின்ற ஈரம் அந்த இடத்துக்கும் பரவுவதற்குள் எடுத்துவிட்டேன்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயதுக்கு வருவதுதானாம்.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பா, அம்மா, நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

அந்தப் பெஞ்சுப் படம் எங்கள் அறையில் எல்லார் கையையும் சுற்றி வந்தது. ஆள் இல்லாமலே ஓர் ஆளை எடுத்திருக்கிறீர்கள். இருபது வருஷமாகக் கேமரா பிடித்த எனக்கு அது தோன்றியதில்லை. நான் எப்போதும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, சிரிங்க சிரிங்க என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன்.

அம்மா, உன்னைத்தான் கேட்கிறேன். முகம் வேண்டாம் என்றால் கையையாவது காட்டு. அப்பா நன்றாகத்தான் எடுக்கிறார், நம்பி உட்காரலாம்.

உங்கள் மகன்


மார்ச் 26

அன்பு மகனுக்கு, நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று அவளே சொல்லி எழுதச் சொன்னாள்.

உன் கடிதத்தை ஒப்பித்தேன். "அம்மா, உன்னைத்தான் கேட்கிறேன்" என்பதை மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மறுநாள் காலையில் தலை வாரி, நீலப் புடவை கட்டி, தானே நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னபடி நான் அவளைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தேன். அது மூன்றாவது கோட்டில் நின்றது, அங்கேதான் அவள் கன்னம் இருந்தது. நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தாள். அப்போது எடுத்தேன்.

அன்று காலை முழுக்க உட்கார்ந்தாள். பிறகு இரண்டு நாள் படுத்துவிட்டாள். அலுப்புத்தான்.

அப்பா

(இந்தப் படம் அச்சாகி வந்தபோது கடையில் இருந்த இரண்டு பேர் யார் எடுத்தது என்று கேட்டார்கள். ஐயா தன் கட்டைவிரலைக் காட்டினார். — எழுதுகிறவள்)


ஏப்ரல் 15

அன்புள்ள அப்பா, அம்மா, நான் நலம்.

படம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். சமையல்காரர் தினமும் ஒரு தடவை கேட்டு வாங்கிப் பார்க்கிறார். அவருக்கு அம்மா இல்லை.

அப்பா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் குட்டு வெளிப்படும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அம்மாவின் கழுத்தெலும்பில் நிழல் விழுகிறது. முன்பு அங்கே எலும்பே தெரியாது. இளைத்திருக்கிறாளா? வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் காவலோடு இரண்டு நாள் அனுப்புகிறார்கள். டாக்டர் சீட்டு ஒன்று போதும். ஒரு வரி எழுதுங்கள், நான் அன்றைக்கே மனு கொடுக்கிறேன்.

உங்கள் மகன்


ஜூன் 2

அன்பு மகனுக்கு, வீடு நலம். நீ நலமா?

கடிதம் தாமதமாகிவிட்டது. ஏப்ரல் முழுக்க அலைச்சல். மே மாதம் கேமராவில் ஏதோ கோளாறு, பிறகு சரியாகிவிட்டது. நீ மனு எதுவும் கொடுக்க வேண்டாம். காவல்காரரோடு அவ்வளவு தூரம் வந்து இரண்டு நாளில் திரும்பிப் போவது எதற்கு? வர வேண்டிய நேரத்தில் வந்தால் போதும்.

பச்சைப் புடவையில் உன் அம்மா இருக்கும் படம் இதில் இருக்கிறது. ஜன்னல் பக்கம்தான். வாசலில் கிடந்த செருப்புகளின் படமும் இருக்கிறது. வீட்டுக்கு நாலு பேர் வந்திருந்தார்கள், அப்போது எடுத்தது. முடிதிருத்துகிறவர் கடை வாசலில் பெருக்கிக் குவித்த முடி. ரொட்டிக்கடைச் சுவரில் புகை.

எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்பா


ஜூன் 24

அன்புள்ள அப்பா, அம்மா, நான் நலம். கடிதம் வராத ஏழு வாரமும் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். பச்சைப் புடவையைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

செருப்புப் படம் பெஞ்சுப் படத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. நாலு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல் இருக்கிறது. உங்கள் கணக்கு எப்போதும் அப்படித்தான். எல்லாச் செருப்பும் வீட்டைப் பார்த்துக் கழற்றிப் போட்டது. ஓரத்தில் ஒரு ஜோடி மட்டும் தெருவைப் பார்த்து, கிளம்பத் தயாராக நிற்கிறது. படமே அந்த ஜோடியில்தான் இருக்கிறது. அது யாருடையது?

அடுத்த தடவை அம்மா ஒரு வார்த்தை சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்


ஜூலை 15

அன்பு மகனுக்கு, வீடு நலம். அங்கே வெயில் எப்படி?

அந்த ஜோடி உன் அம்மாவுடையது. தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பது அவள் பழக்கம், மறந்துவிட்டாயா?

ஏழாவது கோடு போட்டுவிட்டேன். ஜூன் கடைசியில் வெளிச்சம் திரும்பிவிட்டது, தம்பி. வந்த வழியே ஜன்னலைப் பார்த்து நடக்கிறது. இப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. எழுபத்தோரு வயதில் தெரிந்துகொண்டேன்.

மஞ்சள் புடவைப் படம் வைத்திருக்கிறேன். அம்மா சொல்லச் சொன்னது: நேரத்துக்குச் சாப்பிடு, யாரோடும் சண்டைக்குப் போகாதே.

அப்பா


ஆகஸ்ட் 30

அப்பா,

மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீலம், பச்சை, மஞ்சள். மூன்றிலும் வெளிச்சம் அதே கன்னத்தில் நிற்கிறது. மூன்றிலும் அம்மா தைப்பது அதே சட்டை. ஏழு கோடு போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் புடவைக்குப் பின்னால் சுவரில் மூன்று கோடுதான் இருக்கிறது. சமையல்காரரை எண்ணச் சொன்னேன். அவரும் மூன்று என்றார். பிறகு படத்தை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இதை எழுத எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. எழுதாத வரைக்கும் அம்மா இருந்தாள்.

அம்மா எங்கே, அப்பா?


செப்டம்பர் 9

தம்பி,

இந்தக் கடிதத்தை மட்டும் நான் பேசுற மாதிரியே எழுதும்மான்னு சொல்லியிருக்கேன். திருத்தினா இன்னொரு பொய் மாதிரி ஆயிடும்.

உன் அம்மா மே பதினெட்டாம் தேதி காலையில எட்டு பத்துக்குப் போயிட்டா. வயித்துல கட்டி. நான் பிப்ரவரியில எழுதினேனே, வயசுக்கு வர்றதுதான்னு. அது டாக்டர் சொன்னது இல்ல. வெளிய வந்து மருந்துக்கடை படியில உக்காந்துகிட்டு உன் அம்மா சொன்னது. அப்படியே எழுதச் சொல்லுங்கன்னா.

மார்ச்சுல உக்காந்தான்னு எழுதினேன்ல. அன்னிக்கு ஒரு புடவை இல்ல தம்பி, நாலு. ஒன்னு மாத்திட்டு வருவா, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குவா, உக்காருவா, "ம், எடுங்க"ம்பா. போதும் விடுன்னேன். "மாசத்துக்கு ஒன்னா அனுப்புங்க. அவன் வெளிய வர்ற வரைக்கும் நான் இருக்கணும்"னா. நாலுக்கு மேல உடம்பு விடல. புடவை மாறினா மாசம் மாறிடும்னு அவ நெனச்சா. நானும் நெனச்சேன். நாப்பது வருஷம் சுவத்தப் பாத்தே பொழச்சவன். ஒவ்வொன்னா எடுத்து உறையில போடுறப்ப அவ மூஞ்சியத்தான் பாத்தேன். சுவத்தப் பாக்கல.

நீ லீவுக்குக் கேட்டு எழுதினதையும் ஒப்பிச்சேன். ஒரு சொல் விடல. எனக்கு விட வராதுன்னு உனக்குத் தெரியும். அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அப்புறம் சொன்னா: "அந்த சைக்கிள்காரரோட அம்மா தன் பிள்ளை மூஞ்சியக் கடைசியாப் பாத்தாளா? மூடித்தானே கொண்டுவந்தாங்க. நான் மட்டும் எப்படிங்க பாக்குறது?" நீ வெளிய வர்ற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா.

ஜூலையில அம்மா சொல்லச் சொன்னதா எழுதினேனே, நேரத்துக்குச் சாப்பிடு, சண்டைக்குப் போகாதேன்னு. அது பொய் இல்ல. அது அவ மே பதினேழாம் தேதி சொன்னது.

அப்பா


செப்டம்பர் 27

அப்பா,

கடிதத்தை வார்டன்தான் கொண்டுவந்து கொடுத்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அம்மா நாற்பது வருஷம் என்னென்னவோ சொன்னாள். சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள், பதினோரு வருஷம் கழித்து அடித்தீர்கள். குடிக்காதீர்கள் என்றாள், கேட்கவில்லை. தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றாள், கூட்டிப்போகவே இல்லை. அவள் சொன்ன எதையும் கேட்காத நீங்கள் இதை மட்டும் ஏன் கேட்டீர்கள்?

தினம் ஒரு படம் எடுப்பதாகச் சொன்னீர்கள். மே பதினெட்டும் ஒரு நாள்தானே. அன்று எடுத்ததை அனுப்புங்கள். எடுக்கவில்லை என்று எழுதாதீர்கள், நான் நம்ப மாட்டேன். நாலாவது புடவைப் படத்தையும் அனுப்புங்கள்.

உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் மார்ச் மாதத்துக்குள் தீருமா என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை படம் அனுப்பியதில் நீங்கள் இருப்பது அந்தக் கட்டைவிரலில் மட்டும்தான். நேற்று அதையும் எடுத்துத் தலையணை உறைக்குள் வைத்தேன்.

மகன்


அக்டோபர் 8

தம்பி,

அன்னிக்கு எடுத்த படம் உங்கிட்டதான் இருக்கு. அந்தச் செருப்புப் படம்.

பத்து மணி ஆச்சு. ஜன்னல் பக்கம்தான் அவளைக் கிடத்தியிருந்தாங்க. அந்தப் பக்கம் கேமராவைத் தூக்க முடியல. வாசலுக்கு வந்தேன். அத்தனை செருப்பு நடுவுல அவளோடது தெருவைப் பாத்து நின்னுச்சு. முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து அவ திருப்பி வெச்ச மேனிக்கே இருந்துச்சு. குத்தவெச்சு உக்காந்து எடுத்தேன். உள்ள பொண்டாட்டி கிடக்குறா, இந்தக் கிழவன் செருப்பப் படம் பிடிக்கிறான்னு ஒருத்தர் என் காதுபடவே திட்டினார். திட்டட்டும். தினம் ஒன்னுன்னு நீ சொல்லியிருந்த.

ஏன் இதை மட்டும் கேட்டேன்னு கேக்குற. ஒரு வாரமா அதுக்குத்தான் பதில் தேடினேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் அவளை முழுசாப் பாத்தது அந்த நாலு புடவையிலதான். நாலு மூலையும் பாருன்னியே, பாத்தேன். புறங்கையில ஒரு தழும்பு, எங்க வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் ஞாபகம் இருக்கிற எனக்கு அது தெரியல. கேட்டேன். உன் மூணாவது வயசுல வெந்நீர்ப் பானை சாஞ்சப்ப உன்னை இழுக்கப் போய் வாங்கினதாம். நான் வேலைக்குப் போயிருந்தேனாம். அப்படிப் பாத்தப்புறம் அவ பேச்சைத் தட்ட முடியல தம்பி. கேமரா இல்லாட்டி வழக்கம்போலத் தட்டியிருப்பேன். நீயும் வந்து பாத்திருப்ப.

வெளிச்சம் போன மாசம் மூணாவது கோட்டுக்குத் திரும்பி வந்துச்சு. நாற்காலி அதே இடத்துல கெடக்கு. கன்னம் இருந்த இடத்துல வெறும் சுவரு. அந்தப் படத்தை இதுல வெச்சிருக்கேன். கொஞ்சம் ஆடிடுச்சு. ஆடினதைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்க, என்னால முடியல, வேணும்னா நீ போடு.

நாலாவது படத்தை அனுப்ப மாட்டேன். அது சிவப்புப் புடவை. மத்த மூணுலயும் அவ தச்சுக்கிட்டு இருப்பா. இதுல தையலை மடியில வெச்சுட்டா. கேமராவப் பாக்கல, என்னையும் பாக்கல, வாசலைப் பாக்குறா. இதை அனுப்பாதீங்க, அவன் வாசல்ல வந்து நிக்கிறப்ப அவனுக்கு நேரா பிடிங்கன்னு சொல்லிட்டா. மார்ச்சுல வெளிச்சம் மறுபடியும் மூணாவது கோட்டுக்கு வரும். அப்ப நீ வருவ. கோபத்தோட வந்தாலும் வா.

கடிதத்து மேல எப்பவும் போடுற வரியைப் போடாம விட்டுட்டோமேன்னு இந்தம்மா பேனாவை நிறுத்திக் கேட்டாங்க. "நாங்கள் நலம்"னு போடவா, "வீடு நலம்"னு போடவான்னு. கீழயே போட்டுடும்மா, இருக்கிறதப் போடுன்னேன்.

நான் நலம்.

அப்பா